அப்பா நிற்கும் பழைய படம்: பின்னால் இருக்கும் இஞ்சினும் காரும் என்ன வகை, எந்த வருடம்? உதவி தேவை

ஃபயர்மேன் மகன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக, அதாவது நீராவி இஞ்சினில் கரி அள்ளிப் போடுபவராக, இருந்தவர். இப்போது 84 வயது. வீட்டுக் கூடத்தில் அவருடைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஒரு காரின் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறார், பின்னால் ஒரு நீராவி இஞ்சின். கார் எங்கள் தெரு டாக்டருடையது என்பது வரை தெரியும். சித்தப்பா அது புல்லட் இஞ்சின், படம் எடுத்தது 1963 என்கிறார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கல்யாணம் 1968இல். "அந்தச் சட்டை நான் தைத்துக் கொடுத்தது" என்கிறார். அப்பாவுக்கு வருடம் நினைவில்லை. படத்தின் அடியில் சரியான விவரம் எழுதி வைக்க ஆசை.

இன்னொரு சிக்கல், படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தேன், மேல்பூச்சு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

இருட்டறை:
முதலில் பிரிப்பதை நிறுத்துங்கள், தயவுசெய்து. ஈரத்தில் ஊறிய ஜெலட்டின் கண்ணாடியில் பசை மாதிரி பிடித்திருக்கும். இழுத்தால் முகம்தான் முதலில் போகும். தண்ணீரில் ஊறவைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது இரண்டும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுங்கள்.

பிரிண்டரோடு சேர்ந்து வரும் மெல்லிய ஸ்கேனர் பல இடங்களில் இதற்கு உதவாது. பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாளைத்தான் அது தெளிவாகப் படிக்கும். நடுவில் ஒரு கண்ணாடி வந்தாலே மங்கிவிடும். கேமரா நல்லது. படத்தைச் சுவரில் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். ஃபிளாஷ் கூடாது. ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுங்கள். உங்கள் சட்டையும் கையும் கண்ணாடியில் தெரியாது. முழுப் படம் ஒன்று, அப்புறம் பகுதி பகுதியாகப் பத்துப் பன்னிரண்டு.

கரிப்புகை:
சித்தப்பா சொல்வது போல அது புல்லட்டாக இருக்க வழியில்லை தம்பி. மூக்கு கூம்பாக நீண்டிருக்குமே, அந்த டபிள்யூ.பி. வகையைத்தான் புல்லட் என்பார்கள். அது அகலப்பாதை இஞ்சின், தண்டவாள இடைவெளி 1,676 மி.மீ. அந்தக் காலத்து விழுப்புரத்தில் எல்லாமே 1,000 மி.மீ. மீட்டர்கேஜ்தான். டபிள்யூ.பி. அங்கே வந்து நிற்கவே முடியாது.

சக்கரத்தை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் பார்க்கும்போது முன்னால் இரண்டு சின்னது, நடுவில் மூன்று பெரியது, டிரைவர் நிற்கும் இடத்துக்குக் கீழே ஒரு சின்னது என்றால் ஒய்.பி. இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணினால் 4-6-2, பயணிகள் வண்டிக்கானது. முன்னால் ஒன்றே ஒன்று, பெரிய சக்கரம் நான்கு என்றால் ஒய்.ஜி., சரக்கு இஞ்சின், 2-8-2. ஒய்.பி.யின் பெரிய சக்கரம் 1,372 மி.மீ. விட்டம், ஒய்.ஜி.க்கு 1,219. முதல் ஒய்.பி.க்கள் 1949இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்தன. அப்புறம் டாடாவின் டெல்கோ கம்பெனியில், ஜாம்ஷெட்பூரிலேயே கட்டினார்கள், 1970 வரை.

சின்ன வயதில் இஞ்சினைப் பார்த்த ஜன்னல் ஓரத்துக்காக அண்ணன் தம்பி சண்டை போடுவோம். ஜெயித்தவன் கண்ணில்தான் கரித்தூள் விழும். தாவணி முனையை வாயால் ஊதிச் சூடாக்கி, அக்கா கண்ணில் ஒற்றி எடுப்பார். அடுத்த பயணத்திலும் அந்த ஜன்னலுக்கே சண்டை.

ஃபயர்மேன் மகன்:
இருட்டறை சார் சொன்னபடியே எடுத்தேன். இத்தனை வருடம் கூடத்தில் பார்த்த படத்தில் இவ்வளவு இருக்கிறதென்று தெரியாது. சக்கரம் இரண்டு சின்னது, மூன்று பெரியது, ஒன்று சின்னது. அப்போது ஒய்.பி.தான். கேபின் பக்கவாட்டில் எண் இருக்கிறது, 2 என்று தொடங்குகிறது, மற்றதை அப்பாவின் தோள் மறைக்கிறது. எண் முழுதாகக் கிடைத்தால் வருடம் தெரியுமா? இன்னொன்று, இஞ்சினுக்குப் பின்னால் கம்பங்கள், மேலே கம்பி. தந்திக் கம்பமா?

தாம்பரம் லைன்:
எண் இஞ்சின் கட்டிய காலத்தைத்தான் காட்டும். 1955இல் கட்டியதை 1985இலும் படம் எடுத்திருக்கலாம். அதை விடுங்கள், கம்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள். தண்டவாளத்துக்கு மேலே குறுக்காகக் கை நீட்டி, அதில் பீங்கான் இன்சுலேட்டர் இருக்கிறதா? இருந்தால் அது தந்திக் கம்பம் இல்லை, மின்சார ரயிலுக்கான கம்பம்.

எழும்பூர்-தாம்பரம் 1931லேயே மின்மயமானது. ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை கம்பி வந்தது 60களின் நடுவில்தான், 25,000 வோல்ட் ஏ.சி. அதற்காக ஜப்பானிலிருந்து ஒய்.ஏ.எம். 1 இஞ்சின்கள் வந்தன, மொத்தமே 20. அந்தக் கம்பி இருந்தால் 1963 என்ற பேச்சுக்கே இடமில்லை.

கம்பி இருக்கும் இடத்தில் நீராவி ஏன் என்று யாராவது கேட்பார்கள். மாயவரம் பக்கமும் காட்பாடி பக்கமும் அப்போது கம்பி கிடையாது. எழும்பூரிலிருந்து மின்சாரத்தில் வரும் வண்டிக்கு விழுப்புரத்தில் இஞ்சின் மாற்றுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் குலுக்கலில் விழித்து, பிளாட்பாரத்து மஞ்சள் வெளிச்சத்தில் நீராவி பரவுவதைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் ரயில் பைத்தியமானது அந்த நிமிடத்தில்தான்.

ஃபயர்மேன் மகன்:
கை இருக்கிறது, இன்சுலேட்டரும் இருக்கிறது. சித்தப்பாவிடம் சொன்னேன், அரை மனதாக "சரி, 65ஆக இருக்கும்" என்றார். கார் பற்றி யாராவது சொல்லுங்களேன். அம்பாசிடர் இல்லை, அதைவிடச் சின்னது. முன்விளக்குக்கு மேலே இமை மாதிரி ஒரு விளிம்பு.

பானெட் திறந்தவன்:
அந்த இமை போதும், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. நம் சென்னையில் செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு வடிவம், 948 சி.சி. இஞ்சின். 1961இல் வந்தது.

எங்கள் மாமாவிடம் ஒன்று இருந்தது. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டு, அப்படியே முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறக்கலாம். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைப் பிரித்துப் பழகினேன். எந்தக் காரிலும் அந்தச் சுகம் கிடைத்ததில்லை. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், எங்கள் ஒடுக்கத் தெருவில் ரிவர்ஸ் எடுக்கத் தேவையே இருக்காது. வேகமாக வளைவில் திரும்பினால் மட்டும் பின் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும், ஸ்விங் ஆக்சில். 70களில் இதற்கு அடுத்த காரான ஸ்டாண்டர்ட் கெஸல் வந்தபோது அந்த ஆக்சிலையே மாற்றினார்கள்.

இப்போது முக்கியமான கேள்வி: கதவு எத்தனை? முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு வைத்தது நம் நாட்டில் மட்டும், அதுவும் 60களின் இறுதியில்.

ஃபயர்மேன் மகன்:
நான்கு! பின் கதவின் கைப்பிடி அப்பாவின் முழங்கைக்கு அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் அம்மா சொன்னதுதான் சரி.

கரிப்புகை:
கீழ் எல்லை கிடைத்துவிட்டது. மேல் எல்லைக்கு அப்பாவின் சர்வீஸ் ரெஜிஸ்டர் நகலோ மாற்றல் உத்தரவோ வீட்டில் இருக்கிறதா பாருங்கள். விழுப்புரத்தை விட்டு எப்போது போனார்?

ஃபயர்மேன் மகன்:
டிரங்குப் பெட்டியில் மாற்றல் உத்தரவு கிடைத்தது, 1973 மே, பொன்மலைக்கு. எனவே "ஒய்.பி. இஞ்சின், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, விழுப்புரம், 1968-73" என்று எழுதப்போகிறேன்.

பெரிதாக்கிய படத்தை அப்பாவிடம் காட்டினேன். வருடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இஞ்சின் கேபினில் நிழலாக ஒரு உருவம் தெரிகிறது, நாங்கள் யாரும் இதுவரை கவனிக்காதது. அதன் மேல் விரலை வைத்து, "இவர்தான் என் டிரைவர். கரியைப் பரத்திப் போடு, குவிக்காதேன்னு கத்துக்கொடுத்தவர்" என்றார். அவர் பெயரையும் சொன்னார். படத்தின் அடியில் அதையும் சேர்க்கிறேன்.

இருட்டறை:
சேருங்கள். சட்டத்தின் பின்பக்க அட்டையில் எழுதுங்கள், பென்சிலில். பேனா மை ஈரத்தில் ஊறிப் படத்துக்கு வந்துவிடும். மறுபடி மாட்டும்போது ஓதம் ஏறாத உள்சுவராகப் பாருங்கள்.