பால் குடிக்கும் குழந்தை மூச்சை நிறுத்துகிறதா, இல்லையா?

பனித்துளி:
“கைக்குழந்தை விழுங்கும்போதே மூச்சும் விடும், பெரியவர்களுக்கு வாய்க்காத வரம் அது” என்று ஆழிமகன் நேற்று அடித்துச் சொல்லியிருப்பதை இப்போதுதான் படித்தேன். இது தவறு. தொண்டை உணவுக்கும் காற்றுக்கும் பொதுவழி. விழுங்கும் கணத்தில் மூச்சுக்குழாயின் மேல்முனையான குரல்வளை மேலெழுகிறது, அதனுள்ளே இருக்கும் குரல்நாண்கள் ஒன்றுசேர்ந்து மூடிக்கொள்கின்றன, ‘குரல்வளை மூடி’ என்னும் மடல் அதன்மேல் சாய்கிறது. குரல்நாண்கள் மூடியிருக்கையில் காற்று எவ்வழியே போகும்? அந்த நிறுத்தம் ஒரு நொடிக்கும் குறைவாகவே நீடிப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆழிமகன்:
நான் கற்பனையாக எதையும் எழுதவில்லை. கைக்குழந்தையின் குரல்வளை நம்முடையதைவிட மேலே அமைந்திருக்கிறது; குரல்வளை மூடியின் நுனி, மேல்வாயின் பின்புற மென்பகுதியான மெல்லண்ணத்தைத் தொடுமளவுக்கு எட்டுகிறது. ஆகவே மூக்கின் வழியே வரும் காற்று நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்க, பால் இருபுறமும் ஒதுங்கி ஓடுகிறது. நான் படித்த பாடநூலில் இது படத்தோடு இருந்தது. என் மகள் பால் குடிக்கும்போது மூக்கருகே விரல் வைத்தும் பார்த்திருக்கிறேன். மூச்சு நிற்கவே இல்லை. குழந்தைகள் விழுங்குவதைப் பார்த்து ஆராய்வது உங்கள் தொழில் என்பதற்காக நான் கண்டது பொய்யாகிவிடாது.

இளவேனில்:
உறிஞ்சுவதையும் சேர்த்து விழுங்குவது என்கிறீர்களா, பால் தொண்டையில் இறங்கும் கணத்தை மட்டும் சொல்கிறீர்களா என்பதை இருவரும் முதலில் தெளிவுபடுத்துங்கள். அதோடு, எட்டு மாதமாகும் என் பேரன் சற்றுக் கட்டியாகக் கொடுத்தாலே ஓங்கரிக்கிறான். அரைத்ததையே தொடரலாமா?

பனித்துளி:
குரல்வளை மேலே இருப்பதை நான் மறுக்கவே இல்லை. மேலே இருந்தாலும் விழுங்கும் கணத்தில் அது மூடுகிறது என்பதுதான் என் பேச்சு. விரலில் படுவது இரண்டு விழுங்கல்களுக்கு இடையே வரும் மூச்சு. நிறைமாதக் குழந்தை உறிஞ்சி, விழுங்கி, மூச்செடுத்து அதே தாளத்தில் தொடர்கிறது. காற்றோட்டத்தையும் விழுங்குவதையும் ஒருசேரப் பதிவுசெய்தால், ஒவ்வொரு விழுங்கலின்போதும் காற்றின் கோடு தட்டையாவதைக் காணலாம். இந்த ஒருங்கிணைப்பு கருவின் 34ஆம் வாரத்தை ஒட்டியே முதிர்கிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைகள் பால் குடிக்கத் திணறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்குமானால் இந்தத் தாளம் எதற்கு? புரையேறுவது எதனால்?

இளவேனில் அம்மா, உடல்நலமுள்ள குழந்தை ஓங்கரிப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதைத் தூண்டும் இடம் இந்த வயதில் நாக்கின் முன்புறமாகவே இருக்கிறது. மெல்ல மெல்லத்தான் பின்னே நகரும். பெரும்பாலான குழந்தைகள் எட்டு மாதத்தில் கையால் எடுத்து உண்ணத் தொடங்கலாம் என்பதே பொதுவான வழிகாட்டல்.

நிலாமுற்றம்:
பல் முளைப்பதைப் பற்றிய விவாதத்திலும் பனித்துளி இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் எடுத்தார். அன்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. என் மகனுக்கு ஒன்றரை வயதுவரை மசித்ததையே கொடுத்தேன், நன்றாகத்தான் வளர்ந்தான். தொண்டையில் அடைத்துக்கொண்டால் நீங்களா வந்து நிற்பீர்கள்?

பனித்துளி:
ஓங்கரிப்பது வேறு, அடைத்துக்கொள்வது வேறு. ஓங்கரிக்கும் குழந்தையிடம் சத்தமும் இருமலும் இருக்கும், முகம் சிவக்கும், கட்டியை அதுவே முன்னே தள்ளிவிடும். மூச்சுவழி முழுதாக அடைபட்ட குழந்தையால் அழவோ இருமவோ முடியாது; சத்தமில்லாததே ஆபத்து. ஆகவே முழுத் திராட்சையையும் முழுக் கொட்டை வகைகளையும் தவிருங்கள், நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள், பக்கத்திலேயே இருங்கள் என்று எப்போதும் சொல்லிவருகிறேன். பத்து மாதம் கடந்தும் கட்டியான உணவே கொடுக்காமல் விட்டால் பின்னாளில் ஊட்டுவது கடினமாகலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மகன் ஒருவன் நன்றாக வளர்ந்தது எல்லாக் குழந்தைகளுக்கும் விதியாகாது.

நிலாமுற்றம்:
என் மகனை இதில் இழுக்க வேண்டாம். பல்லைப் பற்றிய பதில் இன்னும் வரவில்லை.

ஆழிமகன்:
பேச்சு எங்கெங்கோ போகிறது. குரல்வளை மூடி மெல்லண்ணத்தைத் தொடுகிறதா, இல்லையா? தொடுகிறது என்றால் காற்றுக்கு வழி திறந்திருக்கிறது என்றுதான் பொருள். அச்சில் வந்த பாடநூலை விட்டுவிட்டு உங்கள் சொல்லை நான் ஏற்க முடியாது.

பனித்துளி:
தொடுகிறது. விழுங்கும் கணத்தில் குரல்நாண்களும் மூடுகின்றன. அந்தப் படம் அசையாத உடலைக் காட்டுகிறது. நான் பேசுவது அசைவை. ஊடுகதிர் (எக்ஸ்ரே) காணொளியில் குழந்தை பால் விழுங்குவதை நாள்தோறும் பார்க்கிறேன். மூச்சு நிற்கிறது என்றே மீண்டும் சொல்கிறேன்.

ஆழிமகன்:
நிற்பதில்லை.