18 மாதப் பிள்ளையின் நீளம் குறைவு: பரம்பரையா, போசாக்கா?

கொட்டாஞ்சேனைத் தாய்:
என் மகளுக்கு 18 மாதம் நிறைவடைந்துவிட்டது. சென்ற வாரம் கிளினிக்கில் நிறை 9.4 கிலோ என்று பதிந்தார்கள்; வளர்ச்சி வரைபடத்தில் கோடு பச்சைப் பகுதிக்குள்தான் இருக்கிறது. ஆனால் நீளம் 74 சென்ரிமீற்றர் மட்டுமே என்றும், அது இருக்கவேண்டிய கீழ்க்கோட்டுக்கும் கீழே என்றும் சொன்னார்கள். வரிசை நீண்டிருந்ததால் விளக்கம் கேட்க முடியவில்லை. நாங்கள் எல்லோருமே கட்டையான ஆட்கள், இது பரம்பரை என்கிறார் மாமியார். நான் இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி என்பதால், மகளுக்காக மட்டுமன்றி வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகவும் கேட்கிறேன்: இது போசாக்கினால் வருவதா? இப்போது செய்யக்கூடியது ஏதும் உண்டா?

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்:
சகோதரிக்கு, முதலில் ஒரு சிறிய விடயம். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் படுக்கவைத்தே அளக்க வேண்டும். நிற்கவைத்து அளந்தால் ஏறக்குறைய 0.7 சென்ரிமீற்றர் குறைந்து காட்டும். முழங்கால் மடங்கினால் இன்னும் குறையும். பிள்ளையை எப்படி அளந்தார்கள்?

பரம்பரை பற்றிய பேச்சை நான் முப்பது வருடமாகக் கேட்டுவந்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் இந்தியா, ஓமான், கானா, பிரேசில், நோர்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பிள்ளைகளை அளந்து ஆக்கப்பட்டவை. நல்ல உணவும் தாய்ப்பாலும் சுத்தமான சூழலும் கிடைத்தபோது, முதல் ஐந்து வருடங்களில் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் பெரும்பாலும் ஒரே மாதிரியே வளர்ந்தார்கள். 18 மாதப் பெண்பிள்ளைக்கு நடு அளவு 80.7, வளர்ச்சி குன்றியதாகக் கொள்ளும் எல்லை 74.9. மாமியார் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு, ஆனால் அந்தக் கட்டையான உடம்பே அவர்கள் சிறுவயதில் பட்ட பசியின் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதை அவரிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும்.

நிறை மாதாமாதம் பார்க்கப்படுகிறது, அது ஏறினால் எல்லோருக்கும் நிம்மதி. நீளம் பின்தங்குவது அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுவதில்லை. முதல் வருடத்தில் 25 சென்ரிமீற்றர் வரை வளரும் பிள்ளை இரண்டாம் வருடத்தில் 12 அளவில்தான் வளர்கிறது. ஆகவே கருவுற்ற நாள் முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையான ஏறக்குறைய 1000 நாட்களில் இழந்ததைப் பின்னர் ஈடுசெய்வது கடினம். உங்கள் மகளுக்கு அதில் ஆறு மாதம் மீதி இருக்கிறது. வயிற்றில் உள்ள பிள்ளைக்குப் பெரும்பகுதி மீதி இருக்கிறது.

நீங்கள் கர்ப்பிணி என்பதால் இதையும் சொல்கிறேன்: இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயுடன் (பால் சேர்க்காத தேநீருடன்) விழுங்குவது நம் வீடுகளில் நான் அதிகம் கண்ட தவறு. தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. கல்சியம் மாத்திரையையும் அதே வேளையில் எடுக்காதீர்கள்.

வெள்ளவத்தைத் தந்தை:
எங்கள் மகனுக்கும் இதே கதைதான். அவன் சாப்பிடவில்லை என்று ஒருவரும் குறை சொல்ல முடியாது. கோப்பை கோப்பையாகக் கஞ்சி குடித்தான். தண்ணீர்தான் வயிற்றை நிரப்பியது என்பது பின்னர்தான் புரிந்தது. கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாத பதத்தில் சோற்றையும் பருப்பையும் மசித்து, முட்டையோ முள் நீக்கிய மீனோ வறுத்துப் பொடித்த நெத்தலியோ சேர்த்து, மேலே ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். இடையில் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்த என் தாயாருடன் ஒரு சிறு போரே நடந்தது.

மலையகத்தான், இப்போது மட்டக்குளியில்:
கொழும்பில் ஏழைகளின் நெருக்கமான குடியிருப்பையும் தோட்டம் என்றுதான் சொல்கிறோம், மலையில் தேயிலைத் தோட்டத்தையும் தோட்டம் என்றுதான் சொல்கிறோம். இரண்டிலும் வரிசையாக வீடு, பொதுக்குழாய், பொதுக் கழிப்பறை. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம், பெருந்தோட்டப் பகுதியில் 32 சதவீதம். நகரத்தின் சராசரி இதைவிடக் குறைவுதான், ஆனால் மாடிவீட்டையும் தோட்டத்தையும் சேர்த்துக் கூட்டிய சராசரி அது. அடிக்கடி வயிற்றோட்டம் வந்தால் உண்டது உடம்பில் ஒட்டாது என்பதையும் இங்கே யாராவது சொல்ல வேண்டும்.

அரசு இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவைப் பற்றியும் சொல்கிறேன். 1973இல் தொடங்கிய இத்திட்டத்தில் கர்ப்பிணித் தாய்க்கு மாதம் 750 கிராம் பக்கெற் இரண்டு கொடுக்கப்படுகிறது. நாளொன்றுக்கு 50 கிராம் என்று கணக்கு. எங்கள் வீட்டில் அம்மா அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டையாகப் பிடிப்பார். நாங்கள் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்போம். அம்மாவின் பங்கு, சட்டியில் ஒட்டியிருந்த மாவு மட்டும்தான்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்:
தம்பி சொன்னதை நான் வீடுவீடாகக் கண்டிருக்கிறேன். அதற்காக அந்தத் தாய்மாரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வந்ததில்லை. கொடுப்பவர்கள் வீட்டில் எத்தனை வாய் இருக்கிறது என்பதையும் எண்ண வேண்டும். 2022இல் சோளம் கிடைக்காமல் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டபோது, அதையே நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கொட்டாஞ்சேனைத் தாய்:
அனைவருக்கும் நன்றி. நிற்கவைத்துத்தான் அளந்திருக்கிறார்கள். இன்று மறுபடி போய்ப் படுக்கவைத்து அளக்கும்படி கேட்டேன். கணவர் தலையைப் பிடிக்க, அங்கிருந்தவர் முழங்காலை அழுத்த, ஒரே அழுகைக்கு நடுவே 74.6 என்று வந்தது. இன்னமும் கோட்டுக்குக் கீழேதான். இரண்டு மாதத்தில் மறுபடி வரச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்த திரிபோஷாவை, இந்தத் தடவை யாருக்கும் சொல்லாமல், மூடியுள்ள ஒரு டின்னில் கொட்டி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். மாமியார் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.