தஞ்சாவூருக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?

தண்டையார்பேட்டை_அம்மா:
வணக்கம். அரையாண்டு லீவில் சென்னையிலிருந்து தஞ்சாவூர் போகிறோம். நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் மகள், அப்புறம் மூட்டு வலி உள்ள என் மாமியார். நடப்பார், ஆனால் நிதானமாகத்தான். வெள்ளி ராத்திரி கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பினால் போதும், பெரிய கோயிலுக்கு அரை நாள், மிச்ச நேரத்தில் தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் எல்லாம் காரில் சுற்றிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மகளோ பாடத்தில் சோழர்களைப் படித்ததிலிருந்து ஒவ்வொன்றையும் நின்று பார்க்கணும் என்று ஒரே பிடிவாதம், எனக்கும் அவள் பக்கம்தான் மனசு. எத்தனை நாள் தங்கினால் சரியாக இருக்கும்? தங்குவது தஞ்சாவூரிலா, கும்பகோணத்திலா?

கல்மண்டபம்_டீச்சர்:
நாளை எண்ணாதீங்கம்மா, காலையையும் சாயங்காலத்தையும் எண்ணுங்க. மத்தியானம் சன்னதி நடை சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள், உச்சி வெயிலில் அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு உங்க மாமியாரால் நடக்கவும் முடியாது. அப்படிப் பார்த்தால் உங்க வீட்டுக்காரர் சொல்லும் இரண்டு நாளில் கையில் இருப்பது இரண்டு காலை, இரண்டு சாயங்காலம், அவ்வளவுதான். பெரிய கோயிலுக்கு மட்டுமே ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும் வேண்டும். சாயங்காலம் 216 அடி விமானத்தை வெளிச்சம் மாற மாற உட்கார்ந்து பார்க்கலாம். காலையில் அதன் அடிப்பகுதியைச் சுற்றி வாருங்கள். 1010இல் கட்டி முடித்த ராஜராஜன், தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தன் தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று அத்தனையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான், அந்த எழுத்தை மகள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கட்டும். அதற்கு நேரம் ஆகும், ஆகட்டும். கருவறையைச் சுற்றியுள்ள சோழர் ஓவியங்களைப் பார்க்க நம்மை உள்ளே விடமாட்டார்கள், அவற்றின் படங்களைக் கோயில் வளாகத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

வெயில் ஏறினதும் அரண்மனைக்குப் போய்விடுங்கள். அங்கே இருக்கும் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் என்ற சிவன் வெண்கலச் சிலையைத் தவறவிடாதீர்கள், அந்தத் தலைப்பாகையையும் சாய்ந்து நிற்கும் நிலையையும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிக்காது. என் கணக்கு மூணு நாள்: முதல் ராத்திரி தஞ்சாவூர், இரண்டாம் ராத்திரி கும்பகோணம்.

பெரம்பூர்_வாசி:
டீச்சர் சொன்ன மூணு நாள் சரி. பஸ் மட்டும் வேண்டாம், நம்ம பக்கத்திலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள்ளேயே பெரியவங்க களைத்துவிடுவாங்க. மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர், அங்கிருந்து ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ். ஒரு விஷயம், விடியற்காலையில் இறங்கும்போது அறை கிடைக்குமா என்று முன்னாடியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், ஸ்டேஷனில் உட்கார்ந்து தூங்கி வழிந்தால் அந்த முதல் காலை வீண். கூடக் கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுக்கலாம். திரும்பும்போது தஞ்சாவூருக்கு மறுபடி வரத் தேவையில்லை, அதே வண்டி கும்பகோணம் வழியாகத்தான் வரும், டிக்கெட்டை அங்கிருந்தே போடுங்கள். கங்கைகொண்ட சோழபுரம் மட்டும் பெரியவங்க உடம்பைப் பார்த்து முடிவு பண்ணுங்க, கும்பகோணத்திலிருந்து கார் வைத்தால் ஒரு காலைப் பொழுது முழுசாகப் போய்விடும்.

ஒற்றியூரான்:
கங்கைகொண்ட சோழபுரத்தை விட்டுடாதீங்க அக்கா! வேறு எதையாவது விடுங்க. கிளம்புவதற்கு முன்னாடி மகளைத் திருவொற்றியூர் கோயிலுக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. ஆதிபுரீசுவரர் சன்னதிக்கு மேலே தூங்கானை மாடமாக, அதாவது படுத்த யானையின் பின்புறம் போல, வளைந்து நிற்கும் கருங்கல் விமானம் ராஜேந்திர சோழன் காலத்தில் எழுப்பியது, கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டியதும் அவனே. நம்ம ஏரியா கோயிலைப் பார்த்துவிட்டு அங்கே போய் நின்றால் பிள்ளைக்கு அந்த ராஜா வெறும் பாடப்புத்தகப் பெயராக இருக்கமாட்டான். தாராசுரத்திலும் நமக்கு உறவு இருக்கு, சுவரின் அடியில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பமாகச் செதுக்கியிருக்காங்க. அந்த 63 பேரில் விளக்கெரித்த கலிய நாயனார் நம்ம ஊர்க்காரர், சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்ததும் இங்கேதான். எழும்பூர் மியூசியத்துக்கும் போங்க, வெள்ளிக்கிழமை லீவு. திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது.

தண்டையார்பேட்டை_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், திங்கள்கிழமைக்கு லீவு போடச் சம்மதித்துவிட்டார். தாராசுரத்தில் மாமியாருக்கு ஏறி இறங்க நிறைய இருக்குமா?

கல்மண்டபம்_டீச்சர்:
கோயில் தரைமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும், அதனால் கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும், கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள். மழை பெய்திருந்தால் முன்பக்கம் தண்ணீர் தேங்கும், போவதற்கு முன் அறை எடுத்த இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படித் தேங்கியிருந்தால் அந்தச் சாயங்காலம் மாமியாரைக் கும்பேசுவரர் கோயிலுக்கு அனுப்பிவிட்டு நீங்களும் மகளும் மட்டும் தாராசுரம் போய் வாருங்கள்.