ஃபங்ஷனலுக்குச் 'சார்பளவை', ஆப்பரேட்டருக்குச் 'சார்புமாற்றி'

அன்பர்களுக்கு வணக்கம். ஃபங்ஷனல், ஆப்பரேட்டர், ஃபங்ஷனல் கால்குலஸ் என்னும் மூன்று கணிதக் கலைச்சொற்களுக்கும் தமிழில் என்ன சொல்லலாம் என்பதே இங்குள்ள கேள்வி.

வேலூரில் ஞாயிறுதோறும் கணித ஆர்வலர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில், 'வகையிடல் ஒரு செயலி' என்று கரும்பலகையில் எழுதியதும், முன்வரிசையில் இருந்த மாணவி 'எந்தச் செயலி, ஐயா?' என்று கேட்டுக் கைப்பேசியை எடுத்தாள். பிழை அவளுடையதன்று. ஆப்பரேட்டருக்குப் பாடநூல் தந்த சொல் இன்று கைப்பேசிக்கே உரியதாகிவிட்டது. ஃபங்ஷனலின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதனைச் 'சார்பியல்' என்று எழுதினால் படிப்பவர் ஐன்ஸ்டைனிடம் போய் நிற்பார்.

திருப்பத்தூர் மாவட்டத்துப் பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏலகிரிக்கு ஏறும் சாலையை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து கடந்த தொலைவைக் கொடுத்தால் அவ்விடத்தின் உயரத்தைத் தரும் விதி சார்பு. அச்சார்பை வகையிட்டால் ஒவ்வோரிடத்திலும் சாலை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதைச் சொல்லும் இன்னொரு சார்பு கிடைக்கிறது. சார்பை வாங்கிச் சார்பைத் தருவதால் வகையிடலைச் 'சார்புமாற்றி' என்கிறேன். இனி, சாலை முழுவதற்குமான சராசரி உயரத்தைக் கேட்டால் விடை ஒரே ஓர் எண். எந்த வளைவில் மண் கொட்டிச் சாலையைச் சற்று உயர்த்தினாலும் அவ்வெண் மாறும், ஏனெனில் அது சார்பின் முழு உருவத்தையும் சார்ந்தது. இப்படிச் சார்பை வாங்கி எண்ணைத் தருவதே ஃபங்ஷனல்.

இத்தாலியக் கணித அறிஞர் வோல்ட்டெரா 1887இல் இக்கருத்தை எழுதியபோது அவரிடமும் தனிச்சொல் இல்லை. 'பிற சார்புகளைச் சார்ந்த சார்புகள்' என்றே குறித்தார். அத்தொடரைத் தமிழில் அப்படியே வைத்துக்கொண்டால் சார்புமாற்றியிலிருந்து அதனைப் பிரித்தறிய முடியாது. 'சார்பகம்' என்றால் நூலகம், மருந்தகம் போல ஓர் இடம் நினைவுக்கு வருகிறது. நீட்டலளவை, முகத்தலளவை, நிறுத்தலளவை என்று நாம் சிறுவயதிலேயே படித்த வரிசையில் 'சார்பளவை' இயல்பாக அமர்கிறது: நெல்லை மரக்காலால் அளந்து எண் சொல்வதுபோல, சார்பை அளந்து எண் சொல்வது.

'ஃபங்ஷனல் கால்குலஸ்' என்பதற்கு மட்டும் ஒரே சொல் போதாது. பழைய பொருளில் அது சார்பளவைகளின் நுண்கணிதம். இன்றைய பொருளிலோ, எண் இருக்க வேண்டிய இடத்தில் சார்புமாற்றியையே வைத்துக் கணக்கிடுவது. வகையிடலை 'வ' என்போம்; வ² என்றால் இருமுறை வகையிடல், வ³ என்றால் மும்முறை. அடுக்குக்குறிச் சார்பின் தொடரில் மாறிக்குப் பதிலாக அதனை வைத்தால் 1 + வ + வ²/2 + வ³/6 என்று நீளும். 'அ' என்னும் மாறியின் சார்பான அ² மீது இதைச் செலுத்துங்கள்: முதல் உறுப்பு அ², அடுத்தது 2அ, அதற்கடுத்தது 1, பின்னர் எல்லாம் சுழி. கூட்டினால் (அ+1)². சார்பு ஓரடி நகர்ந்துவிட்டது! இதனைக் கரும்பலகையில் கண்டபோது வகுப்பே சற்று நேரம் பேசவில்லை. இப்பொருளுக்கு 'மாற்றிச் சார்புக் கணக்கு' என்பதை முன்வைக்கிறேன்.

சார்பளவையின் விடை குறை எண்ணாகவும் வரலாமே, அளவை என்பது பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். வெப்பநிலையை அளக்கும்போது சுழிக்குக் கீழே போவதை நாம் ஏற்கிறோம் என்பதால் அத்தடை வலுவற்றது என்று கருதுகிறேன். 'மாற்றி' மின்மாற்றியோடு குழம்பும் என்பதே எனக்கு உண்மையான தயக்கம்; 'சார்பு' என்னும் முன்னொட்டை எங்கும் விடாமல் எழுதினால் அது நீங்குமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.