செர்ரி மலர்ப் பருவத்தில் ஜப்பானுக்குச் சிறுகுழு ஒளிப்படப் பயணம்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

மாலைவெயில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் வசந்த காலத்தில் ஜப்பானின் செர்ரி மலர்களைப் படமெடுக்கச் செல்லலாம் என்றிருக்கிறேன். இயற்கைக் காட்சிகளைச் சில ஆண்டுகளாகப் படமெடுத்து வருவதால் கேமராவை மேனுவலில் இயக்கத் தெரியும். ஆனால் ஜப்பானிய மொழி தெரியாது, அந்நாட்டுக்குப் போவதும் இதுவே முதல் முறை. ஆகவே ஓர் ஒளிப்படக் கலைஞர் அழைத்துச் செல்லும் குழுவில் சேர எண்ணி, இரண்டு திட்டங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதல் திட்டம் மார்ச் கடைசி வாரத்தில் தொடங்கி டோக்கியோ, ஃபூஜி மலையடிவாரம், கியோட்டோ, யோஷினோ மலை என்று செல்கிறது. குழுவில் பன்னிரண்டு பேர். இரண்டாவது ஏப்ரல் நடுவில் தொடங்கி ஃபுகுஷிமாவின் மிஹாரு, அகிதாவின் ககுனோதாதே, அவோமோரியின் ஹிரோசாகி என்று வடக்கு நோக்கிப் போகிறது. ஆறு பேர்தான், கட்டணமும் அதற்கேற்பக் கூடுதல்.

பூக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்கிறார்கள். அப்படியிருக்க, பல மாதங்களுக்கு முன்பே தேதி குறித்துப் பணம் கட்டுவது சரியா? ஆள் குறைவு என்பதற்காக அதிகம் கொடுப்பது தகுமா? பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளரிடம் எவற்றையெல்லாம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்?

வடதிசை

வணக்கம். முதலில் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்; மற்றவை அனைத்தும் அதைத் தொட்டே நிற்கின்றன.

ஜப்பானிய நகரங்களில் நீங்கள் பார்க்கப்போகும் மரங்களில் பெரும்பாலானவை சோமெய் யோஷினோ என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அவை விதையிலிருந்து வளர்க்கப்படுவதில்லை. ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுவதால் எல்லா மரங்களும் மரபணு அளவில் ஒரே மரத்தின் நகல்கள். ஒரு நகரத்து மரங்கள் அனைத்தும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒன்றாகப் பூத்து ஒன்றாக உதிர்வதற்கு அதுவே காரணம். முந்தைய கோடையிலேயே உருவாகிவிடும் மொட்டுகள், குளிர்காலத்தின் குளிரைப் போதிய அளவு பெற்ற பிறகுதான் உறக்கம் கலைகின்றன. அதன்பின் வரும் வெப்பமே நாளைத் தீர்மானிக்கிறது. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், கூட்டுத்தொகை 600 டிகிரியைத் தொடும்போது டோக்கியோவில் முதல் பூ விரியும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. யாசுகுனி ஆலயத்தில் உள்ள மாதிரி மரத்தில் ஐந்தாறு பூக்கள் மலர்ந்தவுடன் ஜப்பானிய வானிலை முகமை டோக்கியோவின் மலர்ச்சியை அறிவிக்கிறது; 80 விழுக்காடு விரிந்தால் அது முழு மலர்ச்சி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வாரம், உதிர்ந்து முடிய இன்னொரு வாரம்; நடுவில் காற்றோடு ஒரு மழை பெய்துவிட்டால் அந்த இரண்டாவது வாரம் இரண்டே நாளில் முடிந்துவிடும்.

கியோட்டோவில் முழு மலர்ச்சி நாட்களின் பதிவுகள் ஒன்பதாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்கின்றன. 2021இல் அந்நாள் மார்ச் 26 அன்றே வந்து, 1409ஆம் ஆண்டின் மார்ச் 27ஐ முந்தியது. இப்படி முன்னும் பின்னும் நகரும் ஒரு நாளை ஆறு மாதங்களுக்கு முன்பே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். மாறாக, தேதி தவறினாலும் படமெடுக்க ஏதேனும் எஞ்சும்படி ஒரு திட்டம் அமைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

யோஷினோ மலையில் ஏறத்தாழ 30,000 மரங்கள் இருப்பதாகச் சொல்வார்கள். பெரும்பாலும் மலைச்செர்ரி, பூவும் செம்பழுப்புத் தளிரும் சேர்ந்தே வெளிவரும். அடிவாரத்தில் தொடங்கும் மலர்ச்சி நான்கு அடுக்குகளாக மேலேறிச் செல்வதால், கீழே உதிர்ந்துவிட்டாலும் மேலே நடந்துபோய்ப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே வழக்கமாக ஏப்ரல் பிறந்த பிறகுதான் பருவம் களைகட்டும். உங்கள் முதல் திட்டம் மார்ச் முடிவதற்குள் யோஷினோவுக்குப் போய்விடுகிறதா என்று பாருங்கள். கியோட்டோவிலும் நின்னாஜி ஆலயத்தின் குட்டையான ஒமுரோ செர்ரி மற்றவை உதிர்ந்த பிறகே பூக்கும். அத்தகைய பின்வரிசை இடம் எதுவும் திட்டத்தில் இல்லையென்றால் அது ஒரே நாளை நம்பிப் போடப்பட்ட திட்டம்.

வடக்குத் திட்டத்திலும் இதே கேள்வி உண்டு. மிஹாருவில் இருப்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயதுடையதாகக் கருதப்படும் ஒற்றை மரம். 1922இல் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அருவி இறங்குவதைப்போல் கிளை தொங்கும் அந்த மரம் உதிர்ந்துவிட்டால் அங்கே வேறு மாற்று கிடையாது. ஹிரோசாகி பூங்காவில் அந்தக் கவலை குறைவு. 2,600 அளவில் மரங்கள் இருப்பதோடு, உச்சம் கடந்தபின் கோட்டை அகழியில் இதழ்கள் படர்ந்து நீரையே மூடிவிடுவதால், தாமதமாகப் போனவர்களுக்கும் சொந்தமாக ஒரு காட்சி கிடைக்கிறது.

பின்னிருக்கை

தேதியைப் பற்றி வடதிசை விரிவாகச் சொல்லிவிட்டார். குழுவைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆறு பேர் ஒரே வேனில் தத்தம் கேமராப் பையோடு அடங்கிவிடுவார்கள். பன்னிரண்டு பேருக்குச் சிறிய பேருந்து வேண்டும். அதை நிறுத்த இடம் பார்க்க வேண்டும், குறுகிய மலைச்சாலையில் நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. ஃபூஜியோஷிதாவின் அரகுராயாமா செங்கென் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 398 படிகள் ஏறிச் சென்றால், ஐந்தடுக்குக் கோபுரமும் செர்ரி மரங்களும் பின்னே ஃபூஜி மலையும் ஒரே சட்டகத்தில் அமையும் மேடை வரும். பருவத்தில் அங்கே நிற்கவே வரிசை. அந்த வரிசையில் பன்னிரண்டு பேராகப் போனால், முதல் ஆள் எடுத்து முடித்துக் கடைசி ஆள் முன்னே வருவதற்குள் காலை வெளிச்சம் வெளுத்துவிடும். விடியலின் நல்ல ஒளி அரைமணி நேரம்தான். அதற்குள் வழிநடத்துபவர் எத்தனை பேரின் திரையைப் பார்த்துத் திருத்தம் சொல்ல முடியும் என்று கணக்கிட்டாலே கூடுதல் கட்டணம் எதற்கு என்பது விளங்கும்.

இருப்பினும் ஆள் குறைவு என்பது மட்டுமே தரத்துக்குச் சான்றாகாது. வழிநடத்துபவர் பயணத்தின்போது தமக்காகப் படமெடுப்பாரா, எடுப்பாரென்றால் எப்போது என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல கோணத்தில் முதலில் தம் ட்ரைபாடை ஊன்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். விளம்பரத்தில் அவருடைய படங்கள் இருக்கும், அவை பல ஆண்டுச் சேகரிப்பு. முந்தைய பயணத்தில் பங்கேற்றவர்கள் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் டோக்கியோவில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் உதித்துவிடும். நிகழ்ச்சி நிரலில் "காலை உணவுக்குப் பின் புறப்பாடு" என்று தினந்தோறும் எழுதியிருந்தால் அது வெறும் சுற்றுலா; ஒளிப்படப் பயணமென்றால் விடியலுக்கு முன் கிளம்பி, உச்சிவெயிலில் ஓய்வெடுத்து, மாலையில் மறுபடி வெளியே போவதாக இருக்கும்.

வண்டி யாருடையது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் உரிமம் பெற்ற வண்டிகளுக்குப் பச்சை நிற எண் பலகை இருக்கும். வெள்ளைப் பலகை வைத்த சொந்த வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றுவது அங்கே சட்டவிரோதம். விபத்து என்று வந்தால் காப்பீடும் சிக்கலாகும். மலர்ச்சி முந்தினாலோ பிந்தினாலோ தங்குமிடங்களின் வரிசையை மாற்றும் உரிமை அமைப்பாளருக்கு இருக்கிறதா, குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் எந்தத் தேதிக்குள் தெரிவிப்பார், பணம் முழுதாகத் திரும்புமா என்பவற்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தனிவழி

நான் சற்று மாறுபடுகிறேன். முதல் திட்டத்துக்கு வழிநடத்துபவரே தேவையில்லை. டோக்கியோவிலும் கியோட்டோவிலும் நிலையப் பெயர்களும் அறிவிப்புகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ரயில் நேரத்தைக் கைப்பேசி சொல்லிவிடும். பெரிய பெட்டியை விடுதி வரவேற்பிலேயே கொடுத்தால் கூரியர் நிறுவனத்தார் பெரும்பாலும் மறுநாளே அடுத்த விடுதியில் சேர்த்துவிடுவார்கள். நீங்கள் கேமராப் பையோடு மட்டும் ரயில் ஏறலாம். மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்தால் அதுவே சிறுகுழு, தேதியும் உங்கள் கையில் இருக்கும். ஜேஆர் ரயில்களில் விருப்பம்போல் ஏறி இறங்க உதவும் ஏழு நாள் ஜேஆர் பாஸ் முன்பு 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் 50,000 யென் ஆயிற்று. எனவே டோக்கியோ, கியோட்டோ அளவில் சுற்றுபவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியதில்லை, தனித்தனி டிக்கெட்டுகளே மலிவாக அமையும்.

கியோட்டோவில் குழுவாகப் போவதில் வேறொரு சங்கடமும் உண்டு. கியோன் பகுதியின் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழைவதற்கு 2024இல் தடை வந்தது. 10,000 யென் அபராதம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஃபூஜி அடிவாரத்தில் உள்ள ஃபூஜிகவாகுசிகோவில், ஒரு கடையின் பின்னணியில் மலையைப் படமெடுக்கத் திரண்டவர்களின் தொல்லை பொறுக்காமல் கறுப்புத் திரையே கட்டினார்கள். அங்கிருப்பவர்கள் சலிப்படைந்திருக்கும் இடங்களில் கேமராவோடு பன்னிரண்டு பேர் ஒன்றாக நுழைவதை நான் விரும்ப மாட்டேன்.

வடக்குத் திட்டம் வேறு வகை. ஊர்களுக்கிடையே தொலைவு அதிகம். விடியலில் மிஹாரு மரத்தடியில் நிற்க வேண்டுமென்றால் பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. அங்கே வண்டியும் வழி தெரிந்தவரும் இருப்பது காசுக்குத் தகும். குழுவுக்குத்தான் பணம் கொடுப்பதென்றால் இரண்டாவதற்குக் கொடுங்கள்.

மாலைவெயில்

மூவருக்கும் மிக்க நன்றி. வடக்குத் திட்டத்தின் பக்கமே மனம் சாய்கிறது. பச்சை எண் பலகையைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை, இன்றே கேட்டுவிடுகிறேன். இன்னும் ஒன்று: வானம் மூடியிருக்கும் நாட்களில் வெளிர் பூக்கள் படத்தில் சாம்பல் பூத்ததுபோல் வருமே, அதை எப்படிச் சமாளிப்பது? எந்த லென்ஸ்களை எடுத்துச் செல்லலாம்?

வடதிசை

சோமெய் யோஷினோவின் இதழ் ஏறத்தாழ வெள்ளைதான். அடியில் மட்டும் இலேசான இளஞ்சிவப்பு ஓடும். வெள்ளையான பூவும் வெள்ளையான வானமும் சட்டகத்தை நிரப்பும்போது கேமராவின் ஒளிமீட்டர் அதை மிகுந்த வெளிச்சம் என்று கொண்டு ஒளியைக் குறைத்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் சாம்பல் அப்படி வருவதுதான். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாகும்) கூட்டுங்கள், இதழ்களின் விவரம் எரிந்துபோகாமல் ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட எளிய வழி, வானத்தைச் சட்டகத்திலிருந்து விலக்கிவிடுவது. ககுனோதாதேயின் சாமுராய் வீதியில் கறுத்த மரவேலிகள் நீள வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேல் வெளிர்சிவப்புத் தொங்கு கிளைகள் இறங்கும்போது, மூடிய வானமே வெயிலைவிட நல்ல ஒளி. மழை நின்றவுடன் வேலி இன்னும் கறுத்து, கிளையின் நுனியில் ஒவ்வொரு பூவிலும் ஒரு துளி நிற்கும். அப்போது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் கையில் இருந்தால் போதும்.

பொதுவாக 70-200 மில்லிமீட்டர் லென்ஸ்தான் அதிகம் பயன்படும். தொலைவில் உள்ள கிளைகளை நெருக்கிச் சேர்த்து, கூட்டத்தை வெட்டிவிடும். ஹிரோசாகி அகழிக்கு 24-70, ஒளியைக் குறைக்கும் ஒரு அடர்த்தியான என்டி ஃபில்டர், ட்ரைபாட் ஆகியவை வேண்டும். காற்று எழுவதற்கு முன் விடிகாலையில் போய்ப் பத்து முதல் முப்பது விநாடி வரை ஷட்டரைத் திறந்து வைத்தால் மிதக்கும் இதழ்கள் வளைகோடுகளாகப் பதியும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை முழுதாகத் திருப்பிவிடாதீர்கள், நீரில் தெரியும் மரங்களின் பிம்பமும் சேர்ந்து போய்விடும். ஹிரோசாகி கோட்டைக் கோபுரம், கல்மதிலைப் பழுதுபார்ப்பதற்காக 2015இல் 70 மீட்டருக்கு மேல் உள்ளே நகர்த்தப்பட்டது. சிவப்புப் பாலத்தோடு கோபுரம் தெரியும் பழைய அஞ்சலட்டைக் கோணத்தை மனத்தில் வைத்திருந்தால், நீங்கள் போகும் சமயத்தில் கோபுரம் எங்கே நிற்கும் என்று அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ட்ரோன் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 100 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ளவற்றை 2022 ஜூன் முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருந்தாலும் கூட்டம் நிறைந்த மலர்ப் பூங்காவின்மேல் பறக்கவிட அனுமதி கிடைக்காது. ஏப்ரல் 29 அன்று கோல்டன் வீக் என்னும் தொடர் விடுமுறைக் காலம் தொடங்கும். உங்கள் திட்டம் அந்த வாரத்துக்குள் நீள்கிறதென்றால், ஹிரோசாகியில் அறைகள் ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டனவா, அல்லது ஆள் சேர்ந்த பிறகுதான் தேடுவார்களா என்பதைக் கேட்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம்.