மன்னார்ப் படுகையின் அமிழ்வு வரலாற்றைக் கணிப்பது எப்படி?

கேள்வி (வெள்ளவத்தை மாணவன்):
கொழும்பில் புவிச்சரிதவியல் பயில்கிறேன். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கடலடியிலுள்ள மன்னார்ப் படுகையில், ஒரு துளைக்கிணற்றிலுள்ள அடையற் படைகளின் வயதும் தடிப்பும் தெரிந்தால், படுகை எப்போது எவ்வளவு தாழ்ந்தது (அமிழ்வு) என அறியத் தடிப்புகளைக் கூட்டுவதே போதுமா?

பதில் 1:
போதாது, தம்பி. இன்று நாம் அளப்பது மேற்சுமையால் நசுங்கிய தடிப்பு. கடலடியில் படியும்போது சேற்றின் கனவளவில் பாதிக்கும் மேல் நீரே. புதையப் புதைய அது வெளியேறுகிறது. ஆகவே மேற்படைகளை ஒவ்வொன்றாக உரித்து, எஞ்சியவற்றை அன்றைய தடிப்புக்கு விரித்து, பின்னர் அடையலின் பாரத்தையும் நீக்க வேண்டும். கனமீற்றருக்கு மான்டில் (புவியோட்டுக்குக் கீழுள்ள பாறைப் படை) 3300, அடையல் 2300, கடல்நீர் 1030 கிலோகிராம் எனக் கொண்டால், 4 கிலோமீற்றர் அடையலுக்கு ஏறத்தாழ 1.76 கிலோமீற்றர் மட்டுமே புவியோட்டின் சொந்த அமிழ்வு. மீதி பாரம் அமுக்கியது.

பதில் 2:
அதனுடன் அன்றைய நீராழத்தையும் கூட்டுங்கள். கடலடி நுண்ணுயிர்ச் சுவடுகளிலிருந்து அதை மதிப்பிடுவதால், ஆழ்கடற் படைகளில் பிழை நூற்றுக்கணக்கான மீற்றராகலாம். காலத்துக்கு எதிரான அமிழ்வு வளைகோட்டை ஒற்றைக் கோடாக வரையாமல் பிழை எல்லையோடு வரைவதே நேர்மை என்பது என் உறுதியான கருத்து. மன்னாரில் பசாற்றுப் படைகளும் (எரிமலைக் குழம்பு இறுகிய பாறை) உள்ளன. அவற்றைச் சேற்றைப் போல விரித்துவிடாதீர்கள்.

பதில் 3:
முதலில் விரைவாகவும் பின்னர் மெல்ல மெல்லத் தணிந்தும் அமிழ்ந்திருந்தால், 1978இல் புவியியலாளர் மெக்கென்சி முன்வைத்த, கற்கோளம் (புவியின் விறைப்பான வெளிப்படை) இழுபட்டு மெலிந்து பின் குளிரும் மாதிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.