சதுரங்கத் தரவுத்தள மென்பொருள்: அடுத்த பதிப்பில் எதை முதலில் சேர்ப்பது?

அடையாற்று யானை:

வணக்கம். சென்னையில் நாங்கள் நான்கு பேர், வேலை நேரம் போக மிஞ்சும் மாலைகளில், கட்டற்ற சதுரங்கத் தரவுத்தள மென்பொருள் ஒன்றை உருவாக்கி வருகிறோம். பிஜிஎன் (ஆட்டங்களை எழுத்துவடிவில் பதியும் பொது வடிவம்) கோப்பைத் திறப்பது, ஆட்டத்தைப் பலகையில் ஓட்டிப் பார்ப்பது, ஆட்டக்காரரின் பெயரால் தேடுவது ஆகியவை இப்போது ஒழுங்காக நடக்கின்றன. பயிற்சியாளர்கள் சிலரிடம் கொடுத்துப் பார்த்ததில் கோரிக்கைப் பட்டியல் அனுமார் வால்போல் நீண்டுவிட்டது. பலகை நிலையைக் கொண்டு தேடுதல், நகர்த்தல்களை ஆராயும் ஸ்டாக்ஃபிஷ் நிரலின் இணைப்பு, சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணித்து வைத்த இறுதியாட்ட அட்டவணைகள், லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளம் வெளியிடும் மாதாந்திரத் தொகுப்பை முழுமையாக ஏற்றுதல், இரட்டிப்பு ஆட்டங்களை நீக்குதல், தமிழ் இடைமுகம் என எல்லாமே கேட்கப்படுகின்றன. ஸ்கிட், செஸ்எக்ஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்கள் இவற்றில் பலவற்றை ஏற்கெனவே செய்கின்றன என்பதும் தெரியும். அடுத்த பதிப்பில் இரண்டு மூன்று வசதிகளுக்குமேல் எங்களால் முடியாது. எதை அதிகம் பேர் கேட்கிறார்களோ அதை முதலில் எடுத்துக்கொள்வது சரியா, அல்லது வேறு அளவுகோல் உண்டா?

பெரம்பூர் பயிற்சியாளர்:

என் தலைவலி பெயர்களில் தொடங்குகிறது. பிஜிஎன் விதிமுறை குடும்பப் பெயரை முதலில் எழுதி, காற்புள்ளி இட்டு, பிறகு சொந்தப் பெயரை எழுதச் சொல்கிறது. நம் ஊரில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. குடும்பப் பெயரைச் சுருக்கி எழுதும் குகேஷும் ஒரு கோப்பில் 'குகேஷ் டி' என்றும், இன்னொன்றில் 'டி. குகேஷ்' என்றும், மற்றொன்றில் 'தொம்மராஜு, குகேஷ்' என்றும் மூன்று ஆட்களாகிவிடுகிறார். பிரக்ஞானந்தா, வைஷாலி விஷயத்தில் சிக்கல் தலைகீழ்: தந்தையின் பெயரான ரமேஷ்பாபுவைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் மென்பொருள், அக்காவின் ஆட்டங்களையும் தம்பியின் ஆட்டங்களையும் ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்து கொட்டும்.

இரண்டாவது, ஆட்டத்தாளைத் தட்டச்சு செய்யும் வசதி. ஞாயிற்றுக்கிழமைப் போட்டி முடிந்ததும் சிறுவர்கள் கொண்டுவரும் தாள்களில் 'குதிரை டி2' என்று மட்டும் இருக்கும். பி1-இல் உள்ள குதிரையா, எஃப்3-இல் உள்ளதா என்று எழுதியிருக்க மாட்டார்கள். அப்போது மென்பொருள் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடாமல், இரண்டு வாய்ப்புகளையும் காட்டி என்னைத் தேர்ந்தெடுக்க விடவேண்டும். ஸ்டாக்ஃபிஷ் எங்கும் கிடைக்கிறது. எனக்கு இதுதான் கிடைக்கவில்லை.

கறுப்பு மந்திரி:

எண்ணிக்கையை மட்டும் நம்பவேண்டாம். பயனர்கள் திரையில் தெரிவதைத்தான் கேட்பார்கள். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உங்கள் வடிவத்தில் சேமிக்கப்பட்ட பிறகு எதை மாற்றுவது கடினமோ, அதை முதலில் முடிப்பதே என் அளவுகோல்.

அப்படிப் பார்த்தால் பயிற்சியாளர் ஐயா சொல்வது முற்றிலும் சரி. ஆட்டக்காரருக்குத் தனி அட்டவணை வைத்து, ஓர் ஆளுக்குப் பல பெயர் வடிவங்களை இணைக்க இடம் கொடுங்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தரும் எண் இருந்தால் அதையே அடையாளமாகக் கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத சிறுவர்களுக்காக உள்ளக எண்ணும் தேவைப்படும். போட்டி நடந்த இடத்துக்கும் இதே முறை பொருந்தும். 1996-க்கு முந்தைய ஆட்டங்கள் மெட்ராஸ் என்றும் சென்னை என்றும் கலந்து கிடக்கும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் இரட்டிப்பு நீக்கம் அவற்றை இரண்டு ஆட்டங்களாகவே விட்டுவைக்கும். 1990-களில் எழுதப்பட்ட பிஜிஎன் விதிமுறை லத்தீன் எழுத்துகளை மட்டுமே மனத்தில் கொண்டது; எனவே தமிழ்க் குறிப்புகள் சிதையாமலிருக்க, ஏற்றுமதி செய்யும்போதும் எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தையே வைத்திருங்கள்.

அடுத்தது நிலைத் தேடல். ஒவ்வொரு நிலைக்கும் சோப்ரிஸ்ட் முறையில் (பலகை நிலையை ஓர் எண்ணாகச் சுருக்கும் முறை) 64 பிட் எண் ஒன்றைக் கணக்கிட்டுச் சேமித்துவிட்டால், தொடக்க ஆட்ட மரத்தை, அதாவது ஒவ்வொரு நிலையிலிருந்தும் எந்த நகர்த்தல் எத்தனை ஆட்டங்களில் ஆடப்பட்டது என்ற கிளைப் பட்டியலை, அதிலிருந்தே பெறலாம். தனி வசதியாக எழுதவேண்டியதில்லை. இங்கே ஒரு கண்ணி உண்டு. 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 என்று ஆடினாலும், 1.சி4 குதிரை எஃப்6 2.டி4 என்று ஆடினாலும் பலகை ஒன்றுதான். ஆனால் எஃப்இஎன் (ஒரு பலகை நிலையை ஒரே வரியில் எழுதும் முறை) வழக்கப்படி, சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தவுடன் அது தாண்டிய கட்டத்தை ஆன் பாசான் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை எதிராளியின் சிப்பாய் உடனே வெட்டும் விதி) கட்டமாகக் குறிக்கவேண்டும் என்பதால், முதலாவதில் சி3-உம் இரண்டாவதில் டி3-உம் பதிவாகும். அதை அப்படியே எண்ணில் சேர்த்தால் ஒரே நிலை இரண்டாகப் பிரிந்து, மரத்தில் ஆட்டங்கள் குறைவாகத் தெரியும். எதிராளியின் சிப்பாய் அந்தக் கட்டத்தில் உண்மையிலேயே வெட்டக்கூடிய இடத்தில் நின்றால் மட்டுமே அதைக் கணக்கில் கொள்ளுங்கள். வெளியிட்ட பிறகு இதைத் திருத்தினால் பயனர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தரவுத்தளத்தை மறுபடி அட்டவணைப்படுத்த நேரிடும்.

ஸ்டாக்ஃபிஷ் காத்திருக்கலாம், அத்தகைய நிரல்களை இணைக்கும் யூசிஐ நெறிமுறை 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம். சிசிஜி எனப்படும் இறுதியாட்ட அட்டவணைகள் இருக்கும் கோப்புறையை ஸ்டாக்ஃபிஷிடம் சொன்னால் இறுதியாட்டங்களை அதுவே பார்த்துக்கொள்ளும். ஐந்து காய்கள் வரையிலான அட்டவணைகள் சுமார் ஒரு ஜிபி. ஆறு காய்களுக்கு ஏறத்தாழ 150 ஜிபி வேண்டும் என்பதால் கேட்பவர்களே பின்வாங்கிவிடுவார்கள். லிச்செஸ் தொகுப்பை முழுமையாக ஏற்றும் எண்ணத்தை இப்போதைக்குக் கைவிடுங்கள். உரிமத்தில் தடையில்லை, ஆனால் ஒரே மாதத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் வருகின்றன, அவற்றில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ், புல்லட் அதிவேக ஆட்டங்கள்தான்.

மாம்பலம் சிப்பாய்:

தமிழ் இடைமுகத்தை இந்தப் போட்டியில் சேர்க்கவே தேவையில்லை. நிரல் எழுதத் தெரியாத எங்களைப் போன்றவர்களால் செய்யக்கூடிய வேலை அது. திரையில் தோன்றும் சொற்களை நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

அடையாற்று யானை:

அனைவருக்கும் நன்றி. எங்கள் நிரலைத் திறந்து பார்த்தேன். ஆன் பாசான் கட்டம் எண்ணில் அப்படியேதான் சேர்கிறது. எனவே பெயர் அட்டவணையும் நிலை எண்ணும் அடுத்த பதிப்புக்கு உறுதி. நேரம் கிடைத்தால் ஆட்டத்தாள் உள்ளீடும் வரும். பெரம்பூர் ஐயா, தெளிவில்லாத ஆட்டத்தாள்கள் சிலவற்றைச் சிறுவர்களின் பெயர்களை மறைத்து அனுப்ப முடியுமா?

பெரம்பூர் பயிற்சியாளர்:

அனுப்புகிறேன். பாதியில் படிக்க முடியாமல் போகும் தாள்களும் அவற்றில் இருக்கும். அதுவரையிலான நகர்த்தல்களையும் முடிவையும் மட்டும் சேமிக்க வழி வையுங்கள்.